வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்க?

மதுரை தெற்கு வாசலில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். அத்தா ஆரம்பித்த கடை, பதினாலு வருஷமாக நான் பார்க்கிறேன். தலைவலிக்கு மாத்திரை கேட்கிறவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பான். ‘அந்த’ விஷயத்துக்கு வருகிறவன் கூட்டம் கலைகிறவரை தைலப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடை காலியானதும் கவுண்டர்மேல் பாதி உடம்பைச் சாய்த்து, “பாய், என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு...” என்று இழுப்பான். நானும் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு அந்த ஃப்ரெண்டுக்கு என்ன செய்கிறது என்று கேட்பேன்.

போன வருஷம் அந்த ஃப்ரெண்டு நானேதான். அதைத்தான் எழுதப் போகிறேன். வெட்கமெல்லாம் ஆஸ்பத்திரியில் பச்சை கவுனை மாட்டிவிட்டபோதே கழன்று போய்விட்டது.

பெயர் சாதிக். வயது முப்பத்தேழு. மனைவி ரஹ்மத், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. முதல் இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருஷம் எல்லாரும் கேட்டார்கள். அதற்கப்புறம் எங்கள்மேல் பாவப்பட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தியதுதான் ரொம்ப வலித்தது. ரஹ்மத்துக்கு எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ‘அடுத்து உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்’ என்று அவளைப் பார்த்த லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றரை வருஷம் என் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. கடையை விட்டு நகர முடியவில்லை என்பேன். பொய். பயம், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் உடம்பு ஒரு மாதிரியாகப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சலா, இல்லை. வலியா, அதுவும் இல்லை. காலையில் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன், பிஸ்மில்லா சொல்லி லைட்டைப் போடுவேன், வெறும் வயிற்றில் ஒரு கேஸ் கேப்சூலைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் உட்காருவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. மத்தியானம் கவுண்டரிலேயே தூங்கி விழுவேன். அத்தா காலத்திலிருந்து கடையில் இருக்கும் செல்வி அக்கா, “தம்பி, ஆளு நிக்கிறாக, கண்ணைத் தொறங்க” என்று முழங்கையால் இடிப்பார். தொப்பை போட்டது. ஆசை என்று ஒன்று இருந்ததே மறந்து போயிற்று. முன்னெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மருந்துக் கம்பெனி ரெப் கூட்ட நேரத்தில் வந்து நின்றால் கத்தித் தீர்த்துவிடுவேன். அந்தக் கோபமும் போய்விட்டது. ரஹ்மத் வம்புக்கு இழுத்தாலும் “சரி” என்பேன். அவளுக்கு அதுதான் பெரிய சந்தேகம்.

நோன்பு மாசத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருப்பேன். பகல் பூராவும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கடையும் பார்த்து, ராத்திரித் தொழுகைக்கும் நின்று, பாதி மாசத்துக்கு மேல் சும்மா ஓடுவேன். மேலூரில் இருக்கும் மாமி, ரஹ்மத்தின் அம்மா, “எல்லாம் ரமலான் பரக்கத்து மருமவனே, அல்லாவோட அருள்” என்பார். பெருநாள் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பழையபடி நாற்காலியில் சரிந்துவிடுவேன். பரக்கத்தும் மாசத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

முருகேசன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் ஜிம் வைத்திருக்கிறான். அவன் சட்டைக்கு எப்போதும் கைப் பகுதியில் துணி பற்றாது. ஒருநாள் கடைக்கு வந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மாப்ள, உனக்கு டெஸ்டோஸ்டிரான் கம்மிடா” என்றான். ஆண் உடம்பில் தெம்பு, தசை, மீசை, ஆசை எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஹார்மோன் அது. அன்று வெள்ளிக்கிழமை. வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தேன். முருகேசன் சொன்ன மாதிரியே கம்மி என்று வந்தது.

“பாத்தியா? ஒரு ஊசி போட்டா போதும் மாப்ள. காளையாட்டம் ஆயிருவ.”

கடைக்காரன் இல்லையா, அந்த ஊசி என் அலமாரியிலேயே இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன். எனக்கு நானே தருவதற்கு யாரிடம் சீட்டுக் கேட்பது? அடுத்த வெள்ளி ஜும்மா முடிந்து முருகேசன் ஜிம்மில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்து, ஊசியை டிபன் பைக்குள் வைத்தேன். டிபன் பையைக் கழுவுகிறவள் ரஹ்மத் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

“இது எதுக்கு மச்சான்?”

“தெம்புக்கு.”

“யாரு எழுதிக் குடுத்தா?”

“முருகேசன்.”

“முருகேசண்ணே எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாரு?”

கணக்கு டீச்சரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. அவள் ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஒரு கணக்குல விடை தப்பா வந்தா, எந்த வரியில தப்புன்னு மேல இருந்து பாத்துக்கிட்டே வரணும். விடையை மட்டும் அழிச்சுட்டு வேற நம்பர் எழுதுற பிள்ளைகளுக்கு நான் முட்டைதான் போடுவேன். ஏன் கம்மியாச்சுன்னு தெரியாம ஊசி போட்டா அதேதான். போங்க, டாக்டரைப் பாப்போம்.”

சொல்லிவிட்டு அழுதாள். கோபத்தில் அழுகிறாளா வருத்தத்தில் அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்த சீட்டை மறுநாள் நானே எடுத்தேன்.

ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. ஹார்மோன் டாக்டர் அறைக்கு வெளியே நாற்பது நாற்காலி, அறுபது பேர். சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் மூன்றுக்கும் ஒரே வரிசை. உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, “என்ன பாய், இங்கிட்டு?” என்று ஒரு குரல். என் கடையில் மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்குகிற கொட்டாம்பட்டி விவசாயி.

“தைராய்டுண்ணே” என்றேன், யோசிக்காமல்.

“அடடா, இம்புட்டுச் சின்ன வயசுலயா!” என்று எனக்காக உச்சுக் கொட்டினார். அன்றைக்குச் சொன்ன அந்தப் பொய்யைத்தான் மூன்று மாசம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். சர்க்கரை உண்டா, இல்லை. பிரஷர் உண்டா, இல்லை. சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, வரவில்லை. தூக்கத்தில் மூச்சு அடைக்கிற மாதிரிக் குறட்டை உண்டா என்று கேட்டதற்கு, குறட்டை உண்டு, அடைப்பு இல்லை என்று ரஹ்மத் சாட்சி சொன்னாள். “வேற மாத்திரை மருந்து ஏதாச்சும் ரெகுலரா எடுக்குறீங்களா?”

“சிஸ்டர், நான் மெடிக்கல் ஷாப்புக்காரன். கண்டதையும் சாப்புட மாட்டேன்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அவர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். அந்த ‘இல்லை’ என்ன பாடு படுத்தியது என்பதுதான் மீதிக் கதை.

டாக்டர் ஒரு அம்மா. இந்த விஷயத்துக்கு ஆம்பளை டாக்டர் இருப்பார் என்று நினைத்துப் போனவன் நான். வாயே வரவில்லை. ரஹ்மத்தான் முருகேசன் ஊசி வரை வரிசையாக ஒப்பித்தாள். டாக்டரம்மா ஊசிக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“பிள்ளை வேணுமா உங்களுக்கு?”

“வேணும்” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

“அப்ப அந்த ஊசியைத் தொடாதீங்க. கடைக்காரருக்கு கடைக் கணக்குலயே சொல்றேன். விதைதான் ஃபேக்டரி. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு, அதுதான் ஹெட் ஆபீஸ். அங்கருந்து ஆர்டர் வந்தாத்தான் ஃபேக்டரி ஓடும். நீங்க வெளியில இருந்து சரக்கை இறக்குனா, ‘இம்புட்டு சரக்கு இருக்கே’ன்னு ஹெட் ஆபீஸ் ஆர்டரை நிறுத்திரும். ஃபேக்டரி படுத்துரும். விந்தணு உற்பத்தி அடியோட நின்னாலும் நின்னுரும். பிள்ளைக்காகப் போடுற ஊசியே பிள்ளையைத் தள்ளிப் போட்டுரும்.”

அடப்பாவி முருகேசா! எனக்கு வேர்த்துவிட்டது. பதினாலு வருஷம் மருந்து விற்றவன், இது தெரியாமலா இருந்தேன்? எங்கேயோ படித்திருக்கிறேன். எனக்கு என்று வந்தபோது படித்தது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிரியாணி சாப்பிட்டுச் சாயங்காலம் எடுத்த ரிப்போர்ட்டை டாக்டரம்மா ஓரமாக வைத்துவிட்டார். இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பொழுது ஏற ஏற இறங்குமாம், சாப்பாட்டுக்கும் குறையுமாம். அதனால் காலையில், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அதோடு ஹெட் ஆபீஸ் ஆர்டர்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டு, சர்க்கரை, இரும்புச் சத்து, கிட்னி, விந்தணு எண்ணிக்கை. ஜூனியர் டாக்டர் ஒருவர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், சிறிசிலிருந்து பெரிசு வரை வரிசையாக மணி கோத்த ஒரு மாலையை வைத்து என் விதைகளை அளந்து பார்த்தார். அளவெடுக்க இப்படி ஒரு மாலை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ரிப்போர்ட்டுகள் வந்தன. இரண்டு தடவையும் டெஸ்டோஸ்டிரான் கம்மிதான். ஆர்டரும் கம்மி. ஆக, கோளாறு ஃபேக்டரியில் இல்லை, ஹெட் ஆபீஸில். விந்தணு குறைவு, ஆனால் இருக்கிறது. அந்த ‘இருக்கிறது’ என்ற வார்த்தையை ரஹ்மத் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ஹெட் ஆபீஸில் என்ன கோளாறு என்று பார்க்க இன்னொரு டெஸ்ட் எழுதினார்கள், ப்ரோலாக்டின். அது மூன்று மடங்கு ஏறிக் கிடந்தது. திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் அப்படியே.

“ப்ரோலாக்டின்னா பிள்ளை பெத்த தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்” என்றார் டாக்டரம்மா.

“எனக்கா?”

பக்கத்தில் ரஹ்மத்துக்கு இருமல் வந்தது. சத்தியமாக அது இருமல் இல்லை.

“ஆம்பளைக்கும் கொஞ்சம் இருக்கும். இது ஏறுனா மத்த ஆர்டர் எல்லாம் படுத்துரும். ஏறுறதுக்கு தைராய்டு காரணமா இருக்கலாம், உங்களுக்கு நார்மல். கிட்னி, அதுவும் நார்மல். சில மாத்திரைகளால ஏறும், நீங்க எதுவும் எடுக்கலைன்னு எழுதியிருக்கு. மிச்சம், பிட்யூட்டரியில சின்னதா ஒரு கட்டி. பெரும்பாலும் புத்துநோயா இருக்காது, மாத்திரையிலயே சுருங்கிரும். பயப்படாதீங்க. எம்.ஆர்.ஐ. பாத்துருவோம்.”

‘கட்டி’ என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. திரும்பி வரும்போது தெப்பக்குளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, குளத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்குள் கட்டி. நான் போய்விட்டால் கடையை யார் பார்ப்பார்கள், ரஹ்மத்தை யார் பார்ப்பார்கள் என்று என்னென்னவோ ஓடியது. வாய்விட்டே சொன்னேன், “பயமா இருக்கு ரஹ்மத்.”

ஆறு வருஷத்தில் நான் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பக்கத்துத் தள்ளுவண்டியில் வாங்கின சுண்டல் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். “எனக்கும்தான். கட்டி இருந்தா மாத்திரை போட்டுக் கரைப்போம். நீங்க இருந்தாப் போதும். பிள்ளைக் கணக்கை அப்புறம் போடுவோம்.” இரண்டு பேரும் அழுதுகொண்டே சுண்டல் தின்றோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சுண்டல்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் உள்ளே படம் பிடிக்கிற மிஷின். வலி கிடையாது. குழாய்க்குள் படுத்து அசையாமல் இருந்தால் போதும். அந்தப் ‘போதும்’தான் என்னால் முடியவில்லை. உள்ளே தள்ளினதும் மூக்குக்கு மேலே நாலு விரல்கடையில் கூரை. டங் டங் டங் என்று யாரோ தகர டிரம்மை அடிக்கிற சத்தம். கப்ருக் குழிக்குள் படுத்திருக்கிற மாதிரி தோன்றியதும், கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டேன். வெளியே இழுத்தார்கள். பிரஷர் எகிறியிருந்தது, நெஞ்சு படபடத்தது. எதற்கும் ஒருநாள் படுக்கட்டும், நாளைக் காலை லேசாக மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்று வார்டில் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் மேலூரிலிருந்து மாமி மூன்றடுக்கு கேரியரோடு வந்து இறங்கினார். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா, அதற்கு மேலே அவித்த முட்டை. அதைப் பார்த்த நர்ஸ் முகம் போன போக்கு!

“தைராய்டு கழுத்துலதான இருக்கு? தலையை எதுக்கு மருமவனே படம் எடுக்குறாக?” என்றார் மாமி.

நான் ரஹ்மத்தைப் பார்த்தேன். ரஹ்மத் ஜன்னலைப் பார்த்தாள். மாமி ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு எல்லாம் தெரியும். எங்கிட்ட எதுக்கு வெக்கம்? ஆறு வருஷமா அல்லாகிட்ட பேரப்பிள்ளை கேட்டுக்கிட்டிருந்தேன். இந்த ஒரு வாரமா அதைக் கேக்குறதில்லை. மருமவன் தலையில ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு மட்டும்தான் கேக்குறேன்.”

கையிலிருந்த ஒரு சுளையை எடுத்து மாமி கையில் வைத்தேன்.

மறுநாள் காலை பல் துலக்கி, பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கேஸ் கேப்சூலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பக்கத்துப் படுக்கைக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் கண்டுகொள்ளவில்லை. நானும் கண்டுகொள்ளவில்லை. அரை மயக்கத்தில் குழாய்க்குள் போய், டங் டங் சத்தத்தில் தூங்கியே போனேன். டிஸ்சார்ஜ் பில்லைப் பார்த்தபோது மயக்கம் சுத்தமாகத் தெளிந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “கட்டி இல்லை. பிட்யூட்டரி சுத்தமா இருக்கு.” ரஹ்மத் அங்கேயே மாமிக்குப் போன் போட்டாள். “அம்மா, அவர் தலையில ஒண்ணுமே இல்லையாம்!” அறையில் இருந்த ஜூனியர் டாக்டர் குனிந்து சிரித்தார். இன்றுவரை மாமி வீட்டு விசேஷங்களில் அந்த வரியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சந்தோஷம்தான். ஆனா ஏன் ஏறுச்சுங்கிறது இன்னும் தெரியலையே. காரணம் தெரியாம வைத்தியம் பண்ண எனக்குப் பிடிக்காது. எப்பவுமே இப்படித்தான் சோர்வா இருப்பாரா? நடுவுல நல்லா இருந்த நாளே இல்லையா?”

ரஹ்மத் புர்கா நுனியை முறுக்கினாள். முகம் சிவந்துவிட்டது. “நோன்பு மாசத்துல நல்லா இருப்பாரு மேடம்.”

“எப்படி நல்லா?”

“எல்லா விதத்துலயும். பாதி மாசம் போனதும் பழைய ஆளா ஆயிருவாரு. சிரிப்பாரு, எம்மேல கோவப்படுவாரு... எல்லாந்தான். மூணு வருஷமாப் பாக்குறேன். பெருநாள் முடிஞ்சு கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிருது.”

“அது பரக்கத்து டாக்டர்” என்றேன் நான், மானத்தைக் காப்பாற்ற.

“இருக்கட்டும். நோன்பு மாசத்துல நீங்க செய்யாதது என்ன? காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க.”

ரஹ்மத் பக்கம் திரும்பினேன். கணக்கில் வரிவரியாகப் பார்க்கச் சொன்னவள் அவள்தானே. சொல்ல ஆரம்பித்தேன். பகலில் சாப்பிட மாட்டேன். தண்ணி இல்லை. டீ இல்லை. ராத்திரிப் பரோட்டா இல்லை, நோன்புக் கஞ்சியோடு சரி. பரோட்டா இல்லாததால் நெஞ்செரிச்சல் இல்லை. நெஞ்செரிச்சல் இல்லாததால், காலையில் கடை திறந்ததும் போடுகிற...

அங்கே நின்றுவிட்டேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

“அது என்ன பையில?” என்றார் டாக்டரம்மா.

“ஒண்ணுமில்லை டாக்டர். சும்மா கேஸ் மாத்திரை.”

கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைப் படித்தார். “எத்தனை வருஷமா?”

“மூணு... நாலு வருஷம் இருக்கும். தினமும் ஒண்ணு.”

“எந்த மருந்தும் சாப்புடுறதில்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே சாதிக்!”

“இது மருந்தா டாக்டர்? கேஸ் மாத்திரை!”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எந்தக் கடையில் உட்கார்ந்து எந்த வாயால் இதைச் சொல்கிறேன்! எங்கள் ஊரில் கேஸ் மாத்திரை யாருக்கும் மருந்து இல்லை. டீ, பன், வெற்றிலை மாதிரி அதுவும் ஒன்று. பரோட்டா சால்னாவுக்கு முன்னால் ஒன்று, கல்யாணப் பந்திக்குப் பின்னால் ஒன்று என்று வாங்கிப் போவார்கள், நானும் கடலை மிட்டாய் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுப்பேன். கடைசியில் எனக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கேப்சூலுக்குள் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று அமிலத்தைக் குறைப்பது. இன்னொன்று டோம்பெரிடோன், வாந்தியை நிறுத்தி, சாப்பாட்டைக் கீழே தள்ளிவிடுகிற மருந்து. இந்த இரண்டாவது ஆள் வயிற்றோடு நிற்பதில்லை. பிட்யூட்டரியை உசுப்பிவிட்டு ப்ரோலாக்டினை ஏற்றிவிடுவான். நாலைந்து நாள் சாப்பிட்டால் பெரிசாக ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் தினமும் போட்டால் சில பேருக்கு இப்படி ஆகும். நான் அந்தச் சில பேரில் ஒருவன்.

முதலில் டாக்டரம்மாதான் சிரித்தார். ரஹ்மத் சிரித்தாள். நான் கடைசியாகச் சிரித்தேன். மூளைக்குள் வரை போய்த் தேடின திருடன் சட்டைப் பையில் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன செய்வது?

கேப்சூலை நிறுத்தச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கு டோம்பெரிடோன் கலக்காத வேறு மாத்திரை, அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். ராத்திரிப் பரோட்டாவுக்குத் தடை. முதல் பத்து நாள் ஏப்பமும் எரிச்சலுமாக என்னைப் பாடாய்ப் படுத்தியது. ரஹ்மத் எட்டு மணிக்கே இட்லியை வைத்துவிட்டு, பரோட்டாக் கடை இருக்கும் தெருப் பக்கமே என்னை விடாமல் சுற்றி வழியாக நடக்கக் கூட்டிப் போனாள். இரண்டு வாரத்தில் ப்ரோலாக்டின் இறங்கிவிட்டது. டெஸ்டோஸ்டிரான் ஏற இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார் டாக்டரம்மா.

ஏறின செய்தி லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னால் செல்வி அக்கா வாயால் வந்தது. ஒருநாள் மத்தியானம், கூட்ட நேரத்தில், ஒரு ரெப் பையைக் கவுண்டர்மேல் வைத்து மூன்றாவது தடவையாக “சார், ரெண்டு நிமிஷம்” என்றான். “ஏம்ப்பா, கண்ணு தெரியலையா? இம்புட்டுப் பேர் நிக்கிறாக!” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். செல்வி அக்கா உள்ளே ஓடிப்போய்ப் போனைப் போட்டார். “ரஹ்மத்தம்மா! தம்பி கத்திருச்சு! நல்லாக் கத்திருச்சு!”

அந்த ரெப்பைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வாரம் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். அந்த ஊசியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், மாப்ள மாப்ள என்று கையைப் பிடித்துக்கொண்டு கலங்கிவிட்டான். இப்போது அவன் ஜிம்முக்கு யாராவது ‘தெம்பு இல்லை’ என்று வந்தால், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று விரட்டுகிறானாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேஸ் மாத்திரை என்பதால் உங்களுக்கும் அதுதான் என்று இல்லை. சிலருக்குத் தொப்பை, சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு, சிலருக்கு நிஜமாகவே கட்டி. இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள், கேட்கிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எனக்கு அதிலிருந்து ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. யார் வந்து எதைக் கேட்டாலும், “வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்க?” என்று கேட்காமல் அட்டையைக் கிழிப்பதில்லை. இருமல் மருந்துக்கும் கேட்பேன். கால் வெடிப்புக் களிம்புக்கும் கேட்பேன். “ஒண்ணுமில்லை பாய்” என்றால், “கேஸ் மாத்திரை?” என்பேன். கொட்டாம்பட்டி அண்ணன், “பாய்க்குத் தைராய்டு வந்ததுல இருந்து போலீஸ்காரன் மாதிரி ஆயிட்டாரு” என்று சொல்லித் திரிகிறார்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி. கவுண்டரில் ஏழெட்டுப் பேர். நான் தலையைக் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“பாய், வாந்தி வருது. ஒரு மாத்திரை குடுங்க.”

வாந்தி என்றதும் கை தானாக டோம்பெரிடோன் இருக்கிற டிராயரை இழுத்தது. வாய் தானாகக் கேட்டது, “வேற என்ன மாத்திரை சாப்புடுறீங்க?”

“ஃபோலிக் ஆசிட். அஞ்சு நாளா.”

பதினாலு வருஷம் மருந்து விற்றவனுக்கு அந்த மாத்திரையை யாருக்கு, எந்த மாசத்தில் எழுதுவார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்தேன். புர்காவுக்குள் ரஹ்மத் முகம், சிரிப்பும் கண்ணீருமாக. செல்வி அக்காவுக்கு என்னைவிட முன்னாலேயே விளங்கிவிட்டது, “ஆத்தாடி!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் டிராயரை மூடினேன்.

“இந்த மாத்திரை தர மாட்டேன். டாக்டர் சீட்டு வேணும்” என்றேன்.

“தெரியும்” என்றாள். “ஃபோலிக் ஆசிட்டை வேற கடையில வாங்கிட்டேன் மச்சான். கோவிச்சுக்காதீங்க.”